சோம்பல் அலைக்கு ஒரு பலகை

வல்வெட்டித்துறைக் கடலைப் பற்றி எதையும் பெருமையாகச் சொல்லலாம், அதன் அலையைப் பற்றி மட்டும் சொல்ல முடியாது. கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில் பவளப் பாறையாய் முருகைக்கல் பார் ஒன்று நீளத்துக்குக் கிடக்கிறது. வெளியே எவ்வளவு ஆரவாரமாகப் புறப்பட்டு வந்தாலும் அலை அந்தப் பாரில் தடக்கி விழும். மிச்சத்தைக் கூட்டிக்கொண்டு இடுப்பளவு எழும்பி, மணலுக்கு வரும்போது சோம்பல்பட்டுப் படுத்துவிடும். வாடைக்காற்று வீசும் மாரி மாதங்களில் மட்டும் அதற்குக் கொஞ்சம் சுறுசுறுப்பு வரும். அந்த அலையில் ஒரு பலகையைப் போட்டு அதன் மேல் எழுந்து நிற்பேன் என்று ஒரு மாரி முழுக்க நான் பிடிவாதம் பிடித்தேன். எண்பத்து மூன்று முடிந்து எண்பத்து நான்கு பிறந்த மாரி அது. எனக்கு அப்போது இருபத்து நாலு வயது. கலியாணமாகி மூன்று மாதம்கூட ஆகவில்லை. நீச்சலும் தெரியாது.

ஏன் நின்றே ஆகவேண்டும் என்று சொல்லாவிட்டால் எனக்கு விசர் பிடித்துவிட்டது என்றுதான் நினைப்பீர்கள்.

நான் இணுவிலில் பிறந்தவள். ஐயா புகையிலையும் வெங்காயமும் செய்த தோட்டக்காரர். எங்கள் வீட்டுக்குள் முட்டைகூட வராது, அவ்வளவு சைவம். நான் படித்துக் கொழும்பில் ஒரு கந்தோரில் எழுதுவினைஞராக இருந்தேன். அந்த ஆடி மாதத்துக் கலவரத்தில் உடுத்த சேலையோடு ஓடி அகதி முகாமில் கிடந்தோம். கடைசியில் எங்களைக் கப்பலில் ஏற்றிக் காங்கேசன்துறைக்கு அனுப்பினார்கள். கப்பல் அசையத் தொடங்கியதுமே எனக்கு வாந்தி தொடங்கிவிட்டது. பக்கத்தில் இருந்த ஒருவர் வெறும் பால்மாத் தகரம் ஒன்றை எடுத்து என் முன்னால் பிடித்தார். வழி முழுக்க அவர்தான் பிடித்தார், அவர்தான் கொண்டுபோய்க் கடலில் ஊற்றிவிட்டும் வந்தார். வல்வெட்டித்துறை ஆள், அறுகம்குடாவில் ஒரு விடுதியில் சமையல் வேலை, அந்தக் கிழமை சாமான் வாங்கக் கொழும்புக்கு வந்து அகப்பட்டுக்கொண்டவர் என்பதெல்லாம் கரை கண்ணில் பட்ட பிறகுதான் கதைத்து அறிந்தேன். அந்தக் கோலத்தில் என்னைப் பார்த்தும் முகம் சுளிக்காத ஒருவரை விட்டுவிட எனக்கு மனமில்லை. ஐப்பசிக் கடைசியில் பதிவுக் கந்தோரில் கலியாண எழுத்து வைத்தோம்.

அவர் கடற்கரை ஆள், நாங்கள் தோட்டக்காரர். அதை ஐயா வாயால் சொல்லவில்லை. எழுத்து முடிந்து உடுப்பு எடுக்க நான் போனபோது வேலிப் படலைக்கு உள்ளே நின்றபடி வேறு ஒன்றைச் சொன்னார்.

"கிணத்துக்குள்ளை வாளி விழுந்தாலே குளறுறவள், கடற்கரையிலை குடும்பம் நடத்தப் போறாவாம். இந்த மாரி முடியிறதுக்குள்ளை திரும்பி வந்து இந்தப் படலையிலை நிப்பாய். இருந்து பார்."

சொல்லிவிட்டுப் படலையைச் சாத்தினார். அம்மா வேலியால் எட்டி உடுப்புப் பையை நீட்டினா. நான் அழவில்லை. எனக்கு அழுகையைவிடக் கோபம்தான் முதலில் வரும், இன்றைக்கும் அப்படித்தான். ஐயா சொன்னதில் பாதி உண்மை என்பதுதான் என்னை அதிகமாகச் சுட்டது. கப்பலில் வந்த நாளிலிருந்து கடல் இரைச்சல் கேட்டாலே என் வயிறு பிரட்டியது. புகுந்த வீட்டின் பின்கதவைத் திறந்தால் கடல். நான் அந்தக் கதவை மூடியே வைத்திருந்தேன்.

கார்த்திகையில் ஒரு பின்னேரம் என் கணவர் அந்தக் கதவைத் திறந்து என்னைப் படியில் இருத்தினார். மழை விட்டிருந்தது. அலையைப் பார்த்துக்கொண்டு, "அறுகம்குடாவிலை எண்டால் வெள்ளைக்காரர் பலகையிலை எழும்பி நிண்டு அலையோடை வருவினம். பெம்பிளையளும் வருவினம். எங்கடை அலைக்கு உது சரிவராது. உது பெலனில்லாத அலை," என்றார்.

"பெம்பிளையளும் நிக்கிறவையோ?"

"ஓம், நிப்பினம்."

"அப்ப நானும் நிப்பன். மாரி முடியமுன்னம் நிப்பன்."

அவர் சிரித்தார். பிறகு என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்திவிட்டார். கடலுக்குப் பயந்து நான் ஓடி வருவேன் என்று ஐயா நினைத்துக்கொண்டிருக்க, நான் அதன் முதுகில் ஏறி நிற்கவேண்டும், அந்தச் செய்தி இணுவிலுக்குப் போகவேண்டும். அதற்குக் குறைந்த எதுவும் எனக்குப் போதாது என்று தோன்றியது.

நீச்சல் பழகியது பாருக்கு உள்ளே, விடியற்காலையில். அவருடைய நீள்கைச் சட்டையைப் போட்டு, சாரத்தைக் கால்களுக்கிடையே செருகிக் கொடுக்காகக் கட்டிக்கொண்டு இறங்குவேன். மாமி, அதாவது அவருடைய தாய், முதல் நாள் தலையில் கைவைத்துக்கொண்டு குந்திவிட்டா. இரண்டாம் நாள் வந்து கரையில் நின்று, விடுப்புப் பார்க்க வந்தவர்களைக் கலைத்தா. "என்ன பாக்கிறியள்? மருமேளுக்கு வைத்தியர் சொன்ன உப்புத்தண்ணி முழுக்கு. போங்கோ, போங்கோ!" என்றா. எந்த வைத்தியரும் அப்படிச் சொல்லவில்லை. மாமிக்குப் பொய் சொல்ல யாரும் சொல்லித்தரத் தேவையில்லை.

மார்கழி பிறந்தபோது நாய் நீந்துவதுபோல நீந்துவேன். அலை முகத்தில் அடித்தால் கத்திக் குளறுவேன், ஆனால் வெளியே ஓடமாட்டேன். இனிப் பலகைதான் வேண்டும்.

பலகைக்கு ஊரெல்லாம் தேடவேண்டியிருக்கவில்லை. மாமா ஓடாவி. படகு கட்டும் தச்சரை அங்கே அப்படித்தான் சொல்வார்கள். அவர் கையால் கட்டிய வள்ளங்கள் எத்தனையோ கடலில் ஓடின. நான் போய்க் கேட்டபோது காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்துக்கொண்டு முறையாகவே விசாரித்தார்.

"எத்தினை பேர் ஏறுறது?"

"ஒராள். நிண்டுகொண்டு, மாமா."

"நிண்டுகொண்டோ? எங்கை போறதுக்கு?"

"கரைக்கு."

"எங்கையிருந்து?"

"கரையிலை இருந்துதான்."

"கரையிலை இருந்து கரைக்கோ?" என்று கேட்டு, இருமல் வரும்வரை சிரித்தார். ஆனால் வேலை என்று கைவைத்தால் அவர் விளையாட்டாகச் செய்யமாட்டார். நல்ல இலுப்பைப் பலகை ஒன்றை எடுத்தார். வள்ளத்துக்குச் செதுக்குவதுபோல ஒடுக்கமாக, முன்பக்கம் கூராக நிமிர்ந்து, வயிறு உருண்டு, அடியில் ஒரு நீளக் கட்டையும் வைத்துச் செதுக்கினார். "தண்ணியை வெட்டாட்டில் ஓடாது மோனை," என்றார். கடைசியில், எந்த வள்ளத்துக்கும் செய்வதுபோல, மேலும் கீழும் சுறா எண்ணெய் தேய்த்து வெயிலில் வைத்தார். பார்க்க அவ்வளவு அழகு. இவ்வளவு பேர் கடலோடிய குடும்பத்தில் ஒருவருக்குமே, எனக்கும்தான், அதில் ஏதும் பிழை இருக்கும் என்று தோன்றவில்லை.

அதைத் தண்ணீருக்குக் கொண்டுபோக இரண்டு பேர் வேண்டியிருந்தது. அலை வந்தது, பலகைக்குக் கீழாலே போனது, கரையில் படுத்தது. பலகை இருந்த இடத்திலேயே இருந்தது. அவர் பின்னால் நின்று தள்ளினார். அப்போதும் அலை எங்களை விட்டுவிட்டுத் தனியே போனது. ஒரு முறை எப்படியோ கொஞ்சம் நகர, நான் ஆவேசமாக எழும்பினேன். உருண்ட வயிறு ஒரு பக்கம் சரிய, சுறா எண்ணெயில் கால் வழுக்க, மோவாய் பலகையில் அடிபட்டுப் பிளந்தது. அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது. வீட்டுக்கு வந்து மஞ்சள் அப்பிக்கொண்டு இருக்கும்போது மாமா எட்டிப் பார்த்து, "பலகைக்கு ஒண்டும் நடக்கேல்லைத்தானே?" என்று கேட்டார்.

மார்கழி முழுதும் அந்தப் பலகையோடு மல்லுக்கட்டினேன். வழுக்காமல் இருக்கக் குங்கிலியத்தை உருக்கிப் பூசி மணலைத் தூவிப் பார்த்தோம். கால் வழுக்கவில்லை, முழங்கால் தோல்தான் போனது. மாரி போய்க்கொண்டிருந்தது. நான் அவரைப் பிடித்துக்கொண்டேன். "நீங்கள் ரெண்டு சீசன் பாத்தனீங்கள்தானே. அந்தப் பலகை எப்பிடி இருந்தது? வடிவா யோசிச்சுச் சொல்லுங்கோ."

"நான் குசினி யன்னலாலைதான் பாத்தனான்," என்றார். விடுதிச் சமையலறையை விட்டு வெளியே வர அவருக்கு நேரம் எங்கே? "ஒரு கையாலை கக்கத்துக்குள்ளை இடுக்கிக்கொண்டு போவினம்."

"கக்கத்துக்குள்ளையோ? இதை முதலே சொல்லியிருக்கலாமே!"

"நீர் கேக்கேல்லை." பிறகு இன்னொன்றும் ஞாபகம் வந்தது. கடல் சோர்ந்து கிடக்கும் நாள்களில், ஒடுக்கமான குட்டைப் பலகை வைத்திருந்தவர்கள் எல்லாரும் விறாந்தையில் குந்தியிருந்து ரொட்டி கேட்பார்களாம். ஒரு வயதான வெள்ளைக்காரர் மட்டும் நீட்டாக, அகலமாக, முன்பக்கம் வட்டமான பலகையோடு போய், ஒன்றுமில்லாத அலையில் நின்றுகொண்டு வருவாராம். "எல்லாரும் ரொட்டி கேக்கிற நேரம் உந்தாள் மட்டும் ஏன் வரேல்லை எண்டு எனக்குக் கோவம். அதாலைதான் ஞாபகம் இருக்கு," என்றார்.

அந்த ஒரு சொல்லில் எனக்கு எல்லாம் பிடிபட்டது. பெரிய கடலுக்குத் தண்ணீரை வெட்டும் வள்ளம் வேண்டும். எங்கள் அலைக்கு எதையும் தள்ளப் பெலனில்லை. ஆகவே அது தூக்கக்கூடிய ஒன்றை அதன் கையில் கொடுக்கவேண்டும். பாரமில்லாததாக, அகலமாக, தட்டையாக. எங்கள் பக்கத்தில் மாரி வெள்ளம் தேங்கினால் பெடியள் வாழைக்குற்றியில் ஏறி மிதப்பார்கள். வீட்டுப் பின்வளவில் குலை வெட்டிய வாழை மூன்று நின்றது. தறித்து, கம்பும் கயிறும் கொண்டு பக்கம் பக்கமாகப் பிணைத்துக் கடலில் போட்டுப் படுத்தேன். வந்த முதல் அலையே என்னைத் தூக்கிற்று. மணல்வரை கொண்டுபோய் வைத்துவிட்டுப் போனது. என் வாழ்நாளில் அப்படி நான் சிரித்ததில்லை. எழுந்து நிற்கப் பார்த்தபோது குற்றிகள் விலகி இடையில் நான் விழுந்தேன், அது வேறு கதை. ஆனால் அன்றைக்குத்தான் கடல் எனக்கு வயிற்றைப் பிரட்டாமல் இருந்தது.

மாமாவைக் கூட்டிவந்து காட்டினேன். தாடியைச் சொறிந்துகொண்டு பார்த்தார். இருமல் சிரிப்பு வரவில்லை.

"அப்ப வாழை மாதிரி மரம் வேணும் உனக்கு. முள்முருக்குத்தான் சரி. கட்டுமரத்துக்குப் போடுறது அதுதானே, பாரமில்லை. ஆனா இஞ்சை வேலியிலை நிக்கிறதெல்லாம் ஆட்டுக்குக் குழை வெட்டி வெட்டிக் கைத்தடிக் கணக்குத்தான். தாய்மரம் மொத்தமா, நேரா வேணும். அதோடை காயவும் வேணும். பச்சையிலை செய்தால் தண்ணியைக் குடிச்சுப்போடும். ரெண்டு மாசம் எண்டாலும் கிடந்து காய்ஞ்சால்தான்."

தை பிறக்க நாலு நாள் இருந்தது. மாசியில் வாடை விழுந்துவிடும். இரண்டு மாதம் எனக்கு எங்கே இருக்கிறது?

எனக்கு ஒரு மரம் தெரியும். இணுவிலில் எங்கள் வேலி முழுக்க முள்முருக்குத்தான். புகையிலைக்குப் பசளையாகக் குழை வெட்டுவதால் ஒன்றும் பருத்து மொத்தமாகாது. கிணற்றடியில் நின்ற ஒன்றைத் தவிர. எங்கள் கலியாண வீடுகளில் வளவின் ஈசான மூலையில் முள்முருக்கந்தடி ஒன்றை நட்டு, மஞ்சள் துணி கட்டிப் பால் வார்த்து நீர் ஊற்றுவோம். கன்னிக்கால் என்பது அதுதான். அது தளிர்த்தால் குடும்பம் தழைக்கும் என்பார்கள். அக்காவின் கலியாணத்துக்கு ஐயா கிணற்றடி மரத்தில்தான் கன்னிக்கால் வெட்டினார். வெட்டிய கையோடு, "இனி இதிலை ஒருத்தரும் கத்தி வைக்கப்படாது. அடுத்தது சின்னவளுக்கு," என்றார். அப்போது எனக்குப் பன்னிரண்டு வயது. பன்னிரண்டு வருடமாக அந்த மரத்தில் ஒரு குழையும் வெட்டாமல் காத்தார். எழுத்து வைத்த எனக்குக் கன்னிக்காலும் இல்லை, மேளமும் இல்லை.

அந்த மரத்தைக் கேட்பதென்றால் அதே படலையில் போய் நிற்கவேண்டும். மாரி முடிவதற்குள் நிற்பாய் என்றார் அல்லவா? மாரிக்குள் போய் நின்று அவருடைய சொல்லை நானே மெய்யாக்கவேண்டும். மூன்று நாள் இதையே யோசித்தேன். போகாமல் விட்டால் கடலில் நிற்க முடியாது. போனால் அவர் சொன்னது பலித்ததாகிவிடும். எந்தப் பக்கம் திரும்பினாலும் ஐயா கெலித்துக்கொண்டு நின்றார். கடைசியில், நின்றால் நின்றதுதான், எதற்காக நின்றேன் என்று சொல்லிவிட்டு வருவேன் என்று முடிவெடுத்தேன்.

பட்டிப்பொங்கலுக்கு அடுத்த நாள் பஸ் மாறி இணுவிலுக்குப் பக்கத்து மருதனார்மடத்தில் இறங்கினேன். மாமி கட்டித்தந்த கருவாட்டுப் பொதியை, வாங்கிவிட்டு, பஸ் ஏறுமுன் வழியனுப்ப வந்த கணவரின் கையிலேயே திணித்திருந்தேன். கருவாட்டோடு எங்கள் படலைக்குப் போவதைவிட வெறுங்கையோடு போகலாம்.

ஐயா முற்றத்தில் வெங்காயப் பிடி கட்டிக்கொண்டிருந்தார். மாட்டின் கொம்பில் பொங்கல் மாலை வாடித் தொங்கியது. நான் படலையைத் தொடவில்லை, வெளியேதான் நின்றேன். நிமிர்ந்து பார்த்தார். பார்த்துவிட்டுப் பிடியை அவசரமில்லாமல் கட்டி முடித்தார்.

"வந்திட்டாய்," என்றார்.

"திரும்பி வரேல்லை, ஐயா. ஒண்டு கேக்க வந்தனான். கேட்டுப்போட்டுப் போயிடுவன்."

"உன்னிலை சுறா மணக்குது."

"ஓம், மணக்கும். கிணத்தடி முருக்குத் தாங்கோ."

"என்னத்துக்கு?"

"பலகை செய்து கடலிலை ஏறி நிக்கிறதுக்கு. இலுப்பை பாரம். எங்கடை அலைக்கு முருக்குத்தான் சரி." எங்கடை அலை என்று என் வாயில் வந்ததை நானே அப்போதுதான் கவனித்தேன். அவரும் கவனித்தார் என்று நினைக்கிறேன், ஏனென்றால் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அம்மா குசினியிலிருந்து ஓடிவந்தா. நான் வேலிக்கு மேலால் கிணற்றடியைப் பார்த்தேன். மரம் இல்லை. முழங்கால் உயரத்துக்கு ஒரு அடிக்கட்டை நின்றது, அதைச் சுற்றி இளந்தடிகள் செழித்து எழும்பியிருந்தன.

"மரம் எங்கையம்மா?"

அம்மா ஐயாவைப் பார்த்துவிட்டுத் தாழ்ந்த குரலில், "நீ எழுத்து வைச்ச அண்டைக்கே தறிச்சுப்போட்டார். சாப்பிடவும் இல்லை, கோடாலியை எடுத்துக்கொண்டு போட்டார்," என்றா.

எனக்கு அந்த இடத்தில்தான் அழுகை வந்தது. படலையைச் சாத்தியபோது வராத அழுகை. என் மேல் இருந்த கோபத்தையெல்லாம் அவர் அந்த மரத்தில் இறக்கியிருக்கிறார். அவ்வளவு கோபத்துக்கு எவ்வளவு ஆசை இருந்திருக்கவேண்டும்.

"எரிச்சுப்போட்டியளோ?" என்று கேட்டேன்.

"முருக்கு எரியுமே, புகையத்தான் செய்யும்," என்றார் ஐயா என்னைப் பார்க்காமல். "மாட்டுக்கொட்டிலுக்குள்ளை கிடக்கு. இடத்தைப் பிடிச்சுக்கொண்டு கிடக்கு. வேணுமெண்டால் ஆரும் எடுத்துக்கொண்டு போகட்டும்."

அம்மா என்னை உள்ளே கூப்பிட்டா. நான் படலைக்குள் கால் வைக்கவில்லை. "தை முடியமுன்னம் நிப்பன், அம்மா. நிண்டுபோட்டுத்தான் உள்ளுக்கு வருவன்," என்றேன். ஐயா கேட்கும்படியாகத்தான் சொன்னேன்.

அடுத்த நாள் என் கணவர் ஒரு லாண்ட்மாஸ்டர் உழவு வண்டியை வாடகைக்குப் பிடித்துக்கொண்டு போய்க் குற்றியை ஏற்றிவந்தார். ஐயா வெளியே வரவில்லையாம், ஆனால் கொட்டில் வாசலில் குற்றியைக் கட்டக் கயிறு எடுத்து வைத்திருந்ததாம். மாமா அதைத் தட்டிப் பார்த்தார், ஒரு நுனியைப் பிடித்துத் தூக்கிப் பார்த்தார், பிறகு மோந்தும் பார்த்தார். மாட்டுக்கு நுளம்பு அண்டாமல் இருக்க எங்கள் கொட்டிலில் நாளும் பொழுதும் புகை போடுவார்கள். ஐப்பசிக் கடைசியிலிருந்து அந்தப் புகையிலேயே குற்றி கிடந்திருக்கிறது. "ஆரோ வேலை தெரிஞ்ச ஆள் பதமாக் காயவைச்சிருக்கிறார்," என்றார் மாமா. 

இந்த முறை நான் பக்கத்திலேயே நின்றேன். என் உயரத்துக்கு மேலே இரண்டடி நீளம். இரண்டு பலகையை மரமுளை அடித்துப் பொருத்தி, இரண்டு சாண் அகலத்துக்கு மேல் வேண்டும் என்றேன். மாமா கை தானாகவே முன்பக்கத்தைக் கூராக்கப் பார்த்தது. "கூர் வேண்டாம் மாமா. வட்டமா. சுளகு மாதிரி." "கடலுக்குச் சுளகு செய்த முதல் ஓடாவி நான்தான்," என்று புறுபுறுத்தார். அடிப்பக்கம் தட்டை. நீளக் கட்டை இல்லை. பின்னால் மட்டும், அவர் குசினி யன்னலால் பார்த்த ஞாபகத்தில், மீன் செட்டை அளவில் ஒரு சின்னத் துண்டு. முடிந்ததும் மாமா வழக்கம்போலச் சுறா எண்ணெய்த் தகரத்தைத் தேடினார். அது அவருக்குக் கிடைக்கவில்லை, ஏனென்றால் நான் அதைக் கோழிக்கூட்டுக்குள் ஒளித்திருந்தேன்.

"இந்த மரத்துக்குச் சுறா எண்ணெய் வேண்டாம் மாமா. இது கன்னிக்கால் மரம்."

மாமா என்னைப் பார்த்தார். எங்கள் சைவத்தை அவர் நையாண்டி பண்ணுவார் என்று காத்திருந்தேன். அவர் உள்ளே போய், கோவில் விளக்குக்கு வைத்திருந்த இலுப்பெண்ணெயை எடுத்துவந்தார். குங்கிலியத்தை அதில் காய்ச்சி, தண்ணீர் குடிக்காதபடி பலகை முழுக்கப் பூசினார். கால் வைக்கும் இடத்தில் மெழுகுதிரியைத் தேய்த்தோம்.

அந்தப் பலகையை நான் ஒரு கையால் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கடலுக்குப் போனேன். முதல் நாளே அலை அதைத் தூக்கியது. நிற்கத்தான் பத்து நாள் சென்றது. அவசரப்பட்டு எழும்பினால் அலை நழுவிவிடும். பிந்தினால் முன்மூக்கு தண்ணீருக்குள் போய்விடும். பின்பக்கம் பாரம் வைத்தால் எங்கள் அலை உடனே களைத்துப்போய் நின்றுவிடும். ஒரு அடி முன்னால் ஏறிப் படுத்து, அலை தூக்கியது நிச்சயமான பிறகு மூன்று வரை எண்ணி எழும்பவேண்டும் என்று விழுந்து விழுந்தே கண்டுபிடித்தேன். வெளியே சில நாள் நேவிப் படகு ஒன்று கறுப்பாக நிற்கும். மாமி அதையும் கரையில் நின்று முறைத்துப் பார்ப்பா. அடுத்த வருடம் அந்தக் கடலில் கால் நனைக்கவே பயப்பட வேண்டிய காலம் வந்தது. அது எனக்கு அப்போது தெரியாது. எனக்குத் தெரிந்ததெல்லாம் தையில் மிஞ்சிய நாள்கள்தான்.

தை முடிய இரண்டு நாள் இருந்தது. வாடை இளகிக்கொண்டு வந்தது. காலையில் ஏழெட்டுத் தரம் விழுந்துவிட்டேன். கடைசியாக ஒன்று, என்றும் போல இடுப்பளவு, என்றும் போல அரை மனதோடு வந்தது. அவர் தள்ளினார். பலகை அதோடு சேர்ந்துகொண்டது. ஒன்று, இரண்டு, மூன்று. எழும்பினேன். கால் பதிந்தது. கையை விரித்துக்கொண்டு நிமிர்ந்தேன். கரையும் பனைகளும் எங்கள் வீட்டுப் பின்கதவும் என்னை நோக்கி நடந்து வந்தன. நான் கடலில் நின்றுகொண்டிருந்தேன்.

கரையில் மாமிக்குப் பக்கத்தில் வெள்ளை வேட்டியோடு ஒருவர், ஒரு கையில் குடை, மற்றக் கையில் ஈரச் சாக்கில் சுற்றிய நீளமான ஏதோ ஒன்று. ஐயா என்று தெரிந்ததும் நான் பலகையை மறந்துவிட்டேன். விழுந்தேன்தான், ஆனால் மணலில் விழுந்தேன். அவ்வளவு தூரம் வந்துவிட்டிருந்தேன்.

எழும்பி, சாரத்திலிருந்து தண்ணீர் சொட்ட நின்றேன். அவர் குனிந்து, அலையில் உரசிக்கொண்டு கிடந்த பலகையைப் புரட்டினார். பெருவிரலால் மரத்தை அழுத்திப் பார்த்தார். பிறகு முகத்தைக் கிட்டக் கொண்டுபோய் மோந்தார்.

"இலுப்பெண்ணெய்," என்றார்.

"ஓம் ஐயா."

மாமியைப் பார்த்து, "ஒரு அலவாங்கு தருவியளோ?" என்று கேட்டார். மாமி கடப்பாரையை எடுக்க ஓடினா. ஐயா எங்கள் வளவுக்குள் வந்து, வெயிலைப் பார்த்துத் திசை குறித்து, ஈசான மூலையில் கிடங்கு கிண்டினார். மாமா உதவிக்குப் போக, வேண்டாம் என்று கையைக் காட்டினார். சாக்கைப் பிரித்தபோது உள்ளே பச்சை முள்முருக்கந்தடி. தறித்த அடிக்கட்டையில் அந்த மாரியில் எழும்பிய தடி, நேரானதாகப் பார்த்து எடுத்தது. மடியிலிருந்து மஞ்சள் துணியை எடுத்து அதில் கட்டினார்.  நட்டு, மண்ணை மிதித்து இறுக்கிவிட்டு என்னைப் பார்த்தார். மூன்று மாதத்துக்குப் பிறகு முதல்முறை நேராகப் பார்த்தார்.

"என்னத்தைப் பாத்துக்கொண்டு நிக்கிறாய்? தண்ணி ஊத்து," என்றார். "உப்புத்தண்ணியை ஊத்திப்போடாதை."

நான் கிணற்றடிக்கு ஓடினேன். அவசரத்தில் வாளி கை நழுவிக் கிணற்றுக்குள் விழுந்தது. நான் குளறவில்லை. ஐயாதான் அங்கிருந்து சிரித்தார்.